வலது மேல் மூலையில் இருக்கிறது தமிழ்

திரையில் பெரிதாக, நிறத்தோடு, கண்ணுக்கு நேரே இருப்பதை ஏன் காணாமல் விடுகிறோம்? அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

ஹைலெவல் வீதியில் 138 பஸ்கள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஹோர்ன் அடிக்கிற காலை நேரம். கிருலப்பனைச் சந்தைக்குக் கிட்ட ஒரு கொமியூனிகேஷன். போட்டோக்கொப்பி, லெமினேட்டிங், ரீலோட் எல்லாம் உண்டு. ஆனால் இப்போது அங்கே கூட்டம் சேர்வது ஒன்லைன் விண்ணப்பத்துக்குத்தான். கண்ணாடி மேசைக்குப் பின்னால் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பையன். முன்னால் பிளாஸ்டிக் கதிரையில், அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் ஒரு பைலுக்குள் இறுக்கிப் பிடித்தபடி ஓர் அம்மா. திரையில் ஓர் அரச இணையத்தளம். ஆங்கிலத்தில்.

"தம்பி, இதில தமிழ் இல்லையோ?"

"இந்த சைட்ல இல்ல ஆன்ட்டி. நீங்க சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

அம்மா சொல்கிறார், பையன் அடிக்கிறான். நிரந்தர முகவரிக்கும் தற்போதைய முகவரிக்கும் இடையில் இரண்டு பேரும் குழம்புகிறார்கள். போட்டோக்கொப்பிக்கு நின்ற ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, "அங்கே மேலே வலப்பக்கம் பாருங்கோ, தமிழ் எண்டு கிடக்குது" என்றார். கிடந்தது. நீலப் பட்டையில், வெள்ளை எழுத்தில், சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் நடுவில், "தமிழ்".

"நான் உதை விளம்பரம் எண்டெல்லோ நினைச்சன்" என்றார் அம்மா.

பையன் சிரித்தான். நாளெல்லாம் அந்தத் திரைக்கு முன்னால் இருக்கிறவன் அவன். அவனும் அதைக் கண்டிருக்கவில்லை.

அம்மாவுக்குப் படிப்புக் குறைவு, பையனுக்குக் கவனம் குறைவு என்று இதைத் தள்ளிவிட்டுப் போகலாம். அப்படித் தள்ள முடியாது என்று கால் நூற்றாண்டுக்கு மேலாகத் திரும்பத் திரும்ப நடந்த ஆய்வுகள் சொல்கின்றன. அந்த அம்மா சொன்ன ஒற்றை வசனத்தில் அவற்றின் முடிவு முழுக்க இருக்கிறது.

விளம்பரம் பழக்கிய கண்

1994 ஒக்டோபர் 27. அமெரிக்காவின் ஹொட்வயர்ட் இணைய இதழ் தன் பக்கத்தின் மேலே நீளமான ஒரு பட்டை விளம்பரத்தைப் போட்டது. ஏடி அண்ட் டி தொலைபேசி நிறுவனத்தினுடையது. பார்த்தவர்களில் 44 சதவீதம் பேர் அதை அழுத்தினார்கள் என்று சொல்லப்படுகிறது. இன்று பட்டை விளம்பரத்தை அழுத்துகிறவர் ஆயிரத்துக்கு ஒரு சிலர்.

இடையில் நடந்தது என்ன? கண் பழகிவிட்டது. புறக்கோட்டை மெயின் வீதியில் தினமும் நடக்கிறவருக்கு நடைபாதை வியாபாரியின் கூவல் காதில் விழுவதில்லையே, அதைப்போல.

ஆபத்து அதற்குப் பிறகுதான் தெரியவந்தது. 1998இல் அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பென்வே, டேவிட் லேன் என்ற இருவர் ஒரு பரிசோதனை செய்தார்கள். குறிப்பிட்ட ஒரு தகவலை இணையத்தளத்தில் தேடச் சொன்னார்கள். அதற்கான இணைப்பை யாரும் தவறவிடக் கூடாது என்று பக்கத்தின் மேலே, பெரிதாக, நிறத்தோடு, தனியாக வைத்தார்கள். தேடியவர்கள் அதையே தவறவிட்டார்கள். கீழே சின்ன எழுத்தில், பட்டியலுக்குள் கிடந்த இணைப்புகளைச் சரியாகக் கண்டுபிடித்தார்கள். 'பட்டைக் குருடு' என்ற பெயர் அங்கேதான் பிறந்தது.

எடுப்பாக வைத்தால் எல்லோரும் காண்பார்கள் என்பது அச்சுத் தொழிலின் பழைய நம்பிக்கை. போஸ்டருக்கு அது சரி. இணையத்தில் எடுப்பாக இருப்பது விளம்பரத்தின் அடையாளமாகிவிட்டது. எடுப்பாக்க எடுப்பாக்கக் கண் அதைக் கழித்துவிட்டுப் போகிறது.

இதற்கு மிகச் சிறந்த சாட்சி அமெரிக்கக் குடிசனமதிப்புத் திணைக்களத்தின் முகப்புப் பக்கம். இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் 2007இல் இதைப் பற்றி எழுதினார். நாட்டின் சனத்தொகை எவ்வளவு என்று கண்டுபிடிக்கும்படி ஆட்களிடம் சொன்னார்கள். விடை அந்தப் பக்கத்திலேயே இருந்தது. வலது மேல் மூலையில், பக்கத்திலேயே மிகப் பெரிய எழுத்தில், சிவப்பில். 86 சதவீதம் பேர் கண்டுபிடிக்கவில்லை. நீல்சன் சொன்ன காரணங்கள் இரண்டு. பெரிய சிவப்பு இலக்கம் விற்பனை அறிவித்தல் போலத் தெரிந்தது. அதற்கு வைத்த பெயர் வெறும் 'சனத்தொகை' அல்ல, 'சனத்தொகைக் கடிகாரம்'. தேடி வந்தவரின் மனதில் கடிகாரம் இல்லை.

பெட்டிச் செய்தி: கண் எவ்வளவு காண்கிறது?

கையை முழுக்க நீட்டிக் கட்டைவிரலை உயர்த்துங்கள். அந்த விரலின் அகலம், ஏறத்தாழ 2 பாகை. எழுத்தை வாசிக்கும் அளவுக்குக் கூர்மையாகக் கண் காண்பது ஒரு தடவையில் அவ்வளவைத்தான். மற்றதெல்லாம் மங்கல். அடுத்து எங்கே பாய்வது என்று அந்த மங்கலை வைத்துத்தான் மூளை தீர்மானிக்கிறது. 'அங்கே விளம்பரம் இருக்கும்' என்று ஏற்கெனவே தீர்மானித்த இடத்துக்குக் கண் பாய்வதே இல்லை.

பாய்ந்தாலும் உறுதியில்லை. 2013இல் அமெரிக்காவில் 24 கதிரியக்க வைத்தியர்களுக்கு நுரையீரல் ஸ்கேன் படங்களைக் கொடுத்து, புற்றுநோய்க் கட்டிகளைத் தேடச் சொன்னார்கள். ஒரு படத்தில் கொரில்லா ஒன்றை ஒட்டியிருந்தார்கள். வழமையான கட்டியைவிட 48 மடங்கு பெரியது. 20 பேர் காணவில்லை. கண்ணசைவைப் பதிவு செய்த கருவியைப் பார்த்தால், காணாதவர்களில் பாதிக்கு மேற்பட்டோரின் பார்வை கொரில்லாமேலேயே விழுந்திருந்தது.

ஒரு வாக்குச்சீட்டும் ஒரு வங்கியும்

காணாமல் விடுவதால் என்ன வந்துவிடப் போகிறது, நாலு நிமிடம் வீணாகும் அவ்வளவுதானே என்று நினைக்கிறவர்களுக்கு இரண்டு கதைகள். முதலாவதில் இணையம் இல்லை, காகிதம்தான். ஆனால் அது எங்களுக்கு மிகவும் கிட்டியது.

2018 நவம்பர் 6, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத் தேர்தல். அங்கே புரோவார்ட் என்றொரு மாவட்டம். வாக்குச்சீட்டின் இடது பக்க நிரலில், எப்படி வாக்களிப்பது என்ற அறிவுறுத்தல் அச்சிடப்பட்டிருந்தது. ஒரு மொழியில் இல்லை, மூன்று மொழிகளில்: ஆங்கிலம், ஸ்பானியம், ஹெயிட்டி கிரியோல். மூன்று மொழியும் சேர்ந்து நிரலை நிரப்பிக்கொண்டு இறங்க, அதன் அடியில் செனட் சபைக்கான போட்டி ஒட்டிக்கொண்டது. ஆளுநர் போட்டி நடு நிரலின் உச்சியில் பளிச்சென்று நின்றது. வாக்காளர் அறிவுறுத்தலைக் கண்டார். 'இது எனக்குத் தெரிந்ததுதானே' என்று நிரல் முழுவதையும் தாண்டிவிட்டார். ஆளுநருக்கு வாக்களித்தவர்களில் ஏறத்தாழ 25,000 பேர் செனட்டுக்கு வாக்களிக்கவில்லை. மாநிலம் முழுவதற்குமான செனட் முடிவு 10,033 வாக்கு வித்தியாசத்தில் தீர்ந்தது. இயந்திரம் எண்ணத் தவறிவிட்டதோ என்று சந்தேகப்பட்டு, சீட்டுகளைக் கையால் பார்த்தார்கள். பெரும்பாலானவற்றில் அந்த இடம் உண்மையிலேயே வெறுமையாக இருந்தது.

அறிவுறுத்தலுக்குக் கீழே போட்டியை வைக்காதீர்கள் என்று அந்த நாட்டுத் தேர்தல் உதவி ஆணைக்குழு 2007இலேயே வழிகாட்டி வெளியிட்டிருந்தது. அந்த வழிகாட்டியையும் யாரும் காணவில்லை போலும்.

மும்மொழியில் படிவம் அச்சிடும் நாட்டில் இருக்கிற நாங்கள் இந்தக் கதையை இரண்டு தடவை வாசிக்க வேண்டும். மூன்று மொழியிலும் போட்டுவிட்டோம் என்பது போட்டவருக்குத் திருப்தி. வாசிக்கிறவருக்கோ தன் மொழி ஒன்றுதான் வேண்டும், மற்ற இரண்டும் தாண்டிப் போக வேண்டிய இடம். தாண்டுகிற வேகத்தில் எது சேர்ந்து போகும் என்பதை யாரும் கணக்கெடுப்பதில்லை.

இரண்டாவது கதை திரைக்குள். 2020 ஓகஸ்ட் 11. நியூயோர்க்கின் சிட்டி வங்கி, ரெவ்லொன் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டியாக 7.8 மில்லியன் டொலர் அனுப்ப வேண்டும். கடனின் முதல் தொகை வங்கியின் உட்கணக்கிலேயே நிற்க வேண்டும். அதற்கு மென்பொருளில் மூன்று பெட்டிகளில் குறி போட வேண்டியிருந்தது. ஒன்றில் மட்டும் போட்டார்கள். பதிந்தவர் ஒருவர், சரிபார்த்தவர் ஒருவர், இருவரும் இந்தியாவிலிருந்த ஒப்பந்த ஊழியர்கள். இறுதி ஒப்புதல் கொடுத்த அதிகாரி அமெரிக்காவில். ஆறு கண்கள். பணம் வங்கியை விட்டு வெளியே போகப்போகிறது, தொடரவா என்று திரையில் எச்சரிக்கையும் வந்தது. தொடர்ந்தார்கள். ஏறத்தாழ 900 மில்லியன் டொலர் வெளியே போய்விட்டது.

எச்சரிக்கை வந்தும் ஏன் நிற்கவில்லை? வட்டி அனுப்பினாலும் பணம் வெளியே போகத்தானே செய்யும். எவ்வளவு போகிறது என்று அந்த எச்சரிக்கை சொல்லவில்லை. சரியாகச் செய்யும்போதும் பிழையாகச் செய்யும்போதும் ஒரே வசனம் வந்தால், அதை வாசிக்காமல் 'ஆம்' அழுத்துவதற்குக் கை பழகிவிடும். பெற்றவர்களில் சிலர் சுமார் 500 மில்லியனைத் திருப்பித் தர மறுத்தார்கள். 2021 பெப்ரவரியில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்த்தது. 2022 செப்டெம்பரில் மேன்முறையீட்டில்தான் தீர்ப்பு மாறியது.

போலி எப்படி வெல்கிறது

விளம்பரம் போலத் தெரிகிற உண்மையை விட்டுவிடும் அதே கண், உண்மை போலத் தெரிகிற விளம்பரத்தை நம்பி அழுத்துகிறது. கூகுள் தேடலை எடுங்கள். ஒரு காலத்தில் விளம்பரங்களுக்குப் பின்னால் வேறு நிறத்தில் பின்னணி இருந்தது. 2013இல் அது போய், மஞ்சள் நிறத்தில் சின்ன அடையாளம் வந்தது. 2016இல் பச்சை. 2017இல் பச்சைக் கோடு மட்டும். 2020இல் வெறும் கறுப்பு எழுத்து. ஒவ்வொரு மாற்றத்தோடும் விளம்பரம் பக்கத்து வரிகளோடு இன்னும் கொஞ்சம் கலந்துபோனது. 'தெளிவாகத்தானே எழுதியிருக்கிறோம்' என்று நிறுவனம் சொல்லலாம். எழுதித்தான் இருக்கிறது.

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனில் இருந்து வருகிறவர் பயண அனுமதி எடுக்கக் கூகுளில் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் வரிகளில் சில வேளை நிற்பது இடைத்தரகர் தளங்கள். குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் தளம் அதற்குக் கீழே. இடைத்தரகர் அரச கட்டணத்தின் மேல் தன் சேவைக் கட்டணத்தைச் சேர்த்து வாங்குகிறார். சட்டப்படி அவர் எதையும் மறைக்கவில்லை. தான் அரசாங்கம் இல்லை என்று பக்கத்தின் அடியில் எழுதியே வைத்திருப்பார், யாரும் போகாத இடத்தில்.

அதைவிட மோசம் குறுஞ்செய்தி மோசடி. உங்களுக்குப் பொதி வந்திருக்கிறது, முகவரி சரியில்லை, சின்னத் தொகை கட்டுங்கள் என்று தபால் திணைக்களத்தின் பெயரில் வரும் போலிச் செய்திகள் பற்றித் திணைக்களமே எச்சரித்திருக்கிறது. முகவரிப் பட்டையைப் பாருங்கள் என்பதுதான் எல்லோரும் சொல்கிற புத்திமதி. நல்ல புத்திமதிதான், ஆனால் நடக்காது. 2007இல் ஹாவர்ட், எம்ஐடி ஆய்வாளர்கள் உண்மையான வங்கி வாடிக்கையாளர்களை உட்கார வைத்து, பாதுகாப்பான இணைப்புக்கான அடையாளத்தைத் திரையில் இருந்து எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். 63 பேரில் 63 பேரும் கடவுச்சொல்லைக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர் தானே தெரிந்தெடுத்து வைத்த அடையாளப் படத்தையும் எடுத்தார்கள். தம் சொந்தக் கணக்கைப் பயன்படுத்திய 25 பேரில் 23 பேர் அப்போதும் கொடுத்தார்கள்.

இருப்பதையே காணாத கண், இல்லாததை எப்படிக் காணும்? பூட்டுப் படம் இருக்கிறதா பார் என்று ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொடுத்த பிறகு, 2023 செப்டெம்பரில் கூகுள் தன் குரோம் உலாவியில் இருந்து அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது. போலித் தளங்களும் பூட்டு வாங்கிவிட்டன. அதன் அர்த்தமும் மக்களுக்கு விளங்கவில்லை: கூகுளின் 2021 ஆய்வில் சரியாக விளங்கிக்கொண்டவர்கள் 11 சதவீதம்.

பெட்டிச் செய்தி: காணாதபடி வைப்பதும் ஒரு கலை

தவறுதலாக மறைவது வேறு, திட்டமிட்டு மறைப்பது வேறு. முன்கூட்டியே குறி போட்டு வைத்த காப்புறுதிப் பெட்டி, சாம்பல் நிறத்தில் மங்கவிட்ட 'வேண்டாம்' பொத்தான், கடைசிப் பக்கத்தில் மட்டும் தலைகாட்டும் மேலதிகக் கட்டணம். இவற்றுக்கு 'இருண்ட வடிவங்கள்' என்று 2010இல் பெயர் வைத்தவர் பிரித்தானிய வடிவமைப்பாளர் ஹரி பிரிக்னல். இந்திய அரசு 2023 நவம்பர் 30இல் இவற்றில் 13 வகைகளைப் பட்டியலிட்டுத் தடை செய்தது. இலங்கையின் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் 2003ஆம் ஆண்டினது. கைபேசியில் சாமான் வாங்குகிற வழக்கம் வருவதற்கு முந்தியது.

சட்டத்தில் உண்டு, திரையிலும் உண்டு

கிருலப்பனைக்குத் திரும்புவோம். இந்த ஊர் திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகப் பிரிவைச் சேர்ந்தது. பக்கத்தில் நாரஹேன்பிட்டி. தொழில் திணைக்களம் அங்கே, மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களம் அங்கே. வெள்ளவத்தையில் இருந்து 141 பஸ்ஸில் ஏறுகிறவர்களில் பலரின் மடியில் ஒரு பைல் இருப்பதற்கு அதுவும் காரணம். முன்பு வரிசையில் நின்றார்கள். இப்போது முதலில் ஒன்லைனில் பதிய வேண்டும், திகதி எடுக்க வேண்டும். 2022இல் எரிபொருளுக்கு கியூஆர் வந்தபோதுதான் பல வீடுகளுக்கு அரச இணையத்தளம் என்ற ஒன்று அறிமுகமானது. அதன் பின் வரி அடையாள இலக்கம், அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு, கடவுச்சீட்டு. 2025 பெப்ரவரியில் அரச கட்டணங்களை ஒன்லைனில் கட்டும் கவ்பே வந்தது. கருமபீடம் திரைக்கு மாறிக்கொண்டே இருக்கிறது.

அரசியலமைப்பின் 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இன் 16ஆவது திருத்தம், சிங்களத்தில் நிருவாகம் நடக்கும் இடத்திலும் தமிழில் அரசோடு தொடர்பு கொள்ளும் உரிமையைத் தந்தது. 1991இல் அரசகரும மொழிகள் ஆணைக்குழு வந்தது. கருமபீடத்தில் தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லையென்றால் முறைப்பாடு செய்யலாம். இணையத்தளத்தில் தமிழ் இல்லையென்றாலும் கேட்கலாம். இருந்தும் யாரும் காணாவிட்டால்? முறைப்பாட்டுக்கு அங்கே இடமே இல்லை. அதிகாரி மூலையைச் சுட்டிக் காட்டிவிடுவார்.

அந்த மூலை எந்த மூலை என்று பாருங்கள். பெரும்பாலான அரச தளங்களில் மொழித் தெரிவு இருப்பது வலது மேல் மூலையில், ஒரு நிறப்பட்டைக்குள். அமெரிக்காவில் 86 சதவீதம் பேர் சனத்தொகையைத் தொலைத்த அதே மூலை. கைபேசியில் நிலைமை இன்னும் மோசம். மூன்று கோடு போட்ட பட்டியலுக்குள் மொழியும் சேர்ந்து மடிந்துவிடுகிறது. அப்படி மடித்து வைத்தால் கண்டுபிடிப்பது கிட்டத்தட்டப் பாதியாகக் குறைகிறது என்று நீல்சனின் நிறுவனம் 2016இல் அளந்து சொன்னது. அந்தப் பட்டியலைத் திறப்பதற்கே அது பட்டியல் என்று தெரிந்திருக்க வேண்டுமே.

முகப்பின் நடுவில் இருப்பதோ நகரும் படங்கள். அமைச்சர் நாடா வெட்டுகிறார், அமைச்சர் மடிகணினி கையளிக்கிறார், அமைச்சர் விளக்கேற்றுகிறார். அமெரிக்காவின் நோட்ர டேம் பல்கலைக்கழகம் 2013இல் தன் முகப்பை அளந்தபோது, இப்படி நகரும் படத்தை அழுத்தியவர்கள் நூற்றுக்கு ஒருவர்தான் என்று தெரிந்தது. விண்ணப்பத்தின் இறுதித் திகதி நீடிக்கப்பட்டதை அந்தப் படங்களில் நான்காவதாக வைப்பது, அறிவிக்காமல் விடுவதற்குச் சமம். அறிவித்தோம் என்று பதிவில் மட்டும் இருக்கும்.

கண்ணை மட்டும் குற்றம் சொல்வது நியாயமும் அல்ல. 'தமிழ்' என்பதைக் கண்டு அழுத்திய பலருக்கு ஏற்கெனவே அனுபவம் உண்டு. அழுத்தினால் பாதி நிரப்பிய படிவத்தை அழித்துவிட்டு முகப்புக்கே திருப்பி அனுப்பும் தளங்கள் உண்டு. தலைப்பு தமிழில், படிவம் ஆங்கிலத்தில் இருக்கும் தளங்கள் உண்டு. செய்திப் பகுதி எத்தனையோ வருடத்துக்கு முந்திய அறிவித்தலோடு நின்றுவிட்ட தளங்களும் உண்டு. ஒரு பொத்தானால் பயனில்லை என்று நாலு இடத்தில் பட்டறிந்தவர் ஐந்தாவது இடத்தில் அதைப் பார்க்காமல் விடுவது கவனக்குறைவா? நான் அதைப் புத்திசாலித்தனம் என்பேன். பட்டை விளம்பரத்தைக் கண் கைவிட்டதும் இதே பாடத்தால்தான்.

இதன் செலவு யார் தலையில் விழுகிறது? வேறொரு மொழியில் பிழையாக நிரப்பிய விண்ணப்பம் திரும்பி வருகிறது. மீண்டும் பஸ், மீண்டும் அரைநாள் சம்பளம், மீண்டும் கொமியூனிகேஷனுக்குக் காசு. அதைவிடப் பெரியது, அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி, தாயின் பெயர், சில வேளை வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் வரிசையில் நிற்கிறவர்களின் காதில் விழ ஒரு கடைப் பையனிடம் சத்தமாகச் சொல்ல வேண்டியிருப்பது. தனிப்பட்ட தரவைப் பாதுகாக்க 2022இல் சட்டம் கொண்டுவந்த நாடு இது.

முதல் கேள்வியாகக் கேட்டால் என்ன?

இலங்கையில் ஏடிஎம் இயந்திரத்துக்குள் அட்டையைப் போட்டவுடன் வருவது மொழிக் கேள்வி. சிங்களம், தமிழ், ஆங்கிலம். பதில் சொல்லாமல் அடுத்த திரை வராது. தமிழ் எங்கே என்று ஏடிஎம்மில் யாரும் தேடியதில்லை. தொலைபேசியில் வங்கியை அழைத்தாலும் அப்படித்தான், முதலில் மொழிக்கான இலக்கத்தை அழுத்தச் சொல்லும் குரல். தொழில்நுட்பமும் பணமும் இங்கே தடையில்லை. மொழி அலங்காரமா, வாசலா என்று யாரோ ஒருவர் எடுத்த முடிவு மட்டுமே வேறுபடுகிறது.

வடிவமைப்பாளர்களுக்கு இதில் ஓர் ஆட்சேபம் உண்டு. மேலதிகமாக ஒரு பக்கம் வைத்தால் ஆட்கள் திரும்பிப் போய்விடுவார்கள் என்பார்கள். செருப்பு விற்கும் தளத்துக்கு அது சரியாக இருக்கலாம். கடவுச்சீட்டுக்கு வந்தவர் எங்கே போவார்? ஒரு தடவை கேட்டு உலாவியில் நினைவு வைத்துக்கொண்டால், அடுத்த தடவை கேட்கவும் தேவையில்லை. படிவத்தின் நடுவில் மொழி மாற்றினால் நிரப்பியது அழியக் கூடாது என்பதும் கடினமான வேலை இல்லை. கேட்டால் செய்து தருவார்கள். எச்சரிக்கைகளுக்கும் இதே கணக்குத்தான். 'பழைய இலக்கத்தை எழுதாதீர்கள்' என்று பக்கத்தின் உச்சியில் சிவப்புப் பட்டையில் ஓடவிடுவதைவிட, இலக்கம் எழுதும் கட்டத்தின் மேலேயே சாதாரண எழுத்தில் வைத்தால் வாசிக்கப்படும். கண் வேலை செய்துகொண்டிருப்பது அங்கேதான்.

ஒரு தளத்தின் பெரிய குறைகளில் பெரும்பாலானவற்றைக் கண்டுபிடிக்க ஐந்து பேரை உட்கார வைத்துப் பார்த்தால் போதும் என்று நீல்சன் 2000இல் எழுதினார். அந்த இலக்கம் பற்றி இன்றுவரை விவாதம் உண்டு, பத்து என்று வைத்துக்கொண்டாலும் குடி முழுகாது. அரச தளத்துக்கு டெண்டர் கோரும்போது ஒரு நிபந்தனை சேர்க்கலாம்: ஒப்படைக்கும் முன், தமிழ் மட்டும் தெரிந்த ஐந்து பேரையும் சிங்களம் மட்டும் தெரிந்த ஐந்து பேரையும், அவர்களில் பாதிப் பேரைக் கைபேசியோடு, உட்கார வைத்து, யாரும் வாய் திறக்காமல் ஒரு விண்ணப்பத்தை நிரப்பவிட வேண்டும். அவர்கள் தடுமாறிய இடங்களை எழுதிக் கையொப்பமிட வேண்டும். அவை திருத்தப்படும் வரை கடைசித் தவணைக் காசு கொடுபடக் கூடாது.